போறணையர்

முதலில் பிழை விட்டவன் யோகலிங்கம். அதில் குலசிங்கத்துக்கு இன்றுவரை ஒரு சந்தேகமும் வந்ததில்லை. பெண்சாதியின் ஒரே தம்பி என்பதால் பிழை பிழை இல்லாமல் போய்விடுமா. கரண்ட் நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடலிலிருந்து ஏறி வந்த புயல் பனியை அள்ளி அள்ளி யன்னல் கண்ணாடியில் எறிந்துகொண்டிருந்தது. மத்தியானம் தின்ற சோறு இன்னும் வயிற்றில் கிடக்க, வெளியே நடுச்சாமத்து இருட்டு. வட நோர்வேயின் இந்த மீன்பிடி ஊரில் மார்கழி முழுக்கச் சூரியன் எழும்பாது என்பது பழகிப்போன விசயம்தான், ஆனால் தெரு விளக்கும் செத்துப்போன இருட்டு வேறு மாதிரியானது, சரிவில் நிற்கும் வீடுகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டது போல அது இருந்தது. இந்த நேரம் கீழே துறைமுகத்தில் நின்று யாராவது அண்ணாந்து பார்த்தால் ஒரே ஒரு யன்னலில்தான் செம்மஞ்சள் தெரியும் என்று அவர் நினைத்தார், இது ஆருடைய வீடு என்று கேட்பார்கள், அது அந்தத் தமிழனின் வீடு என்று சொல்லுவார்கள். நினைக்க முதுகு தானாக நிமிர்ந்தது. அடுப்புக்கு முன்னால் சின்ன வாங்கில் குந்தியிருந்தபடி, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, பியோர்க் என்று இங்கே சொல்லுகிற பூர்ச்சமர விறகின் வெள்ளைத் தோல் சுருண்டு சுருண்டு பற்றுவதைப் பார்த்தார். நல்ல காய்ந்த பியோர்க் வெடிக்காது, புகையாது, தன் அலுவலைத் தான் பார்த்துக்கொண்டு எரியும். கறுத்த வார்ப்பிரும்பு அடுப்பு, நாலு கால், மேலே தட்டை, பின்னால் சுவருக்குள் ஏறிப் போகும் குழாய். மோட்டார் இல்லை, வயர் இல்லை, ஆளும் தேவையில்லை, விறகு போட ஒரு கை போதும். மேலே, தெருவின் இரண்டாவது வளைவில், யோகலிங்கத்தின் பெரிய வீட்டுச் சுவரில் பூட்டியிருக்கும் ஹீட் பம்ப் இப்போது என்ன செய்துகொண்டிருக்கும். ஒன்றும் செய்யாது. கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. தண்ணீர் குடிக்கும்போது வருவது போல ஒரு சிரிப்பு வந்தது, அதைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார், ஏனென்றால் புவனம் குசினி வாசலில் மெழுகுதிரியோடு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, யோகன் வீட்டிலை என்ன செய்யிதுகளோ தெரியாது" என்றாள். அவர் அடுப்புக் கதவைத் திறந்தார். "உங்களோடைதான் கதைக்கிறன்." "கேக்குது." "கேட்டால் ஒரு போன் எடுத்து வாங்கோ எண்டு சொன்னால் என்ன, வாய் தேஞ்சு போகுமோ?" அவர் கொள்ளியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "அவனுக்கும் வாய் இருக்குத்தானே" என்றார். புவனம் மெழுகுதிரியை மேசையில் நட்டுவிட்டு உள்ளே போனாள். போகும்போது அவள் காலடி வழமையை விடப் பலமாக விழுந்தது. கேட்கட்டும், அவனே கேட்கட்டும். அவர் கேட்பதெல்லாம் ஒரு சொல்தான். அத்தான், அண்டைக்கு நான் செய்தது பிழை. இவ்வளவுதான். மூச்சுப் பிடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கலாம். வந்து கதவில் நின்று அதைச் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும், கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து விடுவார், விறகை மலையாகக் குவிப்பார், அவனை இந்த வாங்கிலேயே இருத்துவார். ஆனால் அந்தச் சொல் வரவேண்டும். இரண்டு பிழைக்கும் சேர்த்து ஒரு சொல், அதிலேயே அவர் விட்டுக்கொடுத்துத்தானே இருக்கிறார், இரண்டுக்கும் இரண்டு சொல் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லையே.

முதலாவது பிழை நிலக்கீழ் அறை. அப்போது புவனமும் பிள்ளைகளும் கொழும்பில், அவர் மட்டும் வந்து இறங்கியிருந்தார், முதல் மாரி, யோகனின் பழைய வீட்டில் கீழே ஒரு அறை, சுவரோடு ஒரு மின் ஹீட்டர். பகல் முழுக்க மீன் தொழிற்சாலையில் ஐஸ் தண்ணீருக்குள் கை, விரல்கள் தன்னுடையவை இல்லை போல, வேறு யாரோ மறந்து விட்டுப்போன விரல்கள் போல இருக்கும், இரவு படுத்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு அந்தச் சத்தம். டிக். அவ்வளவுதான் சத்தம். டிக் என்ற பிறகு ஹீட்டர் மெல்ல மெல்ல ஆறும், சுவரிலிருந்து குளிர் கட்டிலுக்கு இறங்கி வரும், அது நடந்து வருவது கூடக் கேட்கும் என்று அவர் பிறகு புவனத்துக்குச் சொல்லியிருக்கிறார். தலைக்கு மேலே பலகையில் யோகனின் காலடி. மேலே படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் கரண்ட் பெட்டி இருந்தது, அதை அவர் பகலில் பார்த்து வைத்திருந்தார். கோட்டைப் போட்டபடி படுத்தார். தொழிற்சாலைக் கையுறையைப் போட்டபடி படுத்தார், மீன் மணத்தோடு. ஒரு நாளும் கேட்கவில்லை. அடுத்தவன் வீட்டில் படுத்துக்கொண்டு எனக்குச் சூடு காணாது என்று எப்படிக் கேட்பது, அதுவும் அவர்கள் வீட்டில் பெண் எடுத்தவன், சீதனம் வேண்டாம் என்று சொல்லிக் கட்டியவன். விடிய யோகன் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு, "என்ன அத்தான், வடிவா நித்திரை கொண்டியளோ?" என்பான். ஒவ்வொரு நாளும். ஒரு நாள் தவறாமல். சிரித்துக்கொண்டு. "ஓம் தம்பி, வடிவாக் கொண்டனான்" என்று அவரும் ஒவ்வொரு நாளும் சொன்னார். பொய் சொல்ல வைத்தானே, அதுவும் ஒரு பிழைதான், அதைக்கூட அவர் தனியாகச் சேர்க்கவில்லை.

ஒரு கொள்ளி சரிந்து கண்ணாடியில் முட்டியது. கதவைத் திறந்து அதை நேராக்கினார். முகத்தில் வெக்கை அடித்தது, நல்ல வெக்கை, கன்ன எலும்புவரை போகிற வெக்கை, ஹீட் பம்ப் ஊதுகிற காற்று தோலோடு நின்றுவிடும். டிக். அந்தச் சத்தத்தில் ஒரு முள் இருந்தது, நினைவு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சேலை வேலியில் மாட்டுவது போல மாட்டிக்கொள்ளும். புவனம் வந்து சேர்ந்த பிறகு, வாடகை வீட்டில், அவள் கடையில் ஒரு ஹீட்டர் வாங்கி வந்து பூட்டினாள். அன்று இரவு, வீட்டில் வேறு யாருமில்லை, யோகன் இல்லை, மேல்மாடி இல்லை, அவரும் அவளும் மட்டும். டிக். அவர் எழும்பி இருந்துவிட்டார். ஆர் நிப்பாட்டினது என்று கேட்டார். புவனம் அரை நித்திரையில், "ஒருத்தரும் நிப்பாட்டேல்லை, சூடு காணுமெண்டால் அது தன்பாட்டிலை நிக்கும், குளிர்ந்தால் தன்பாட்டிலை பத்தும், படுங்கோ" என்றாள். அவர் படுக்கவில்லை. விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றது. பற்றியது. நின்றது. விடிந்ததும் அதைக் கழற்றிக் கொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார். புவனம் ஏன் என்று கேட்டாள், மணக்குது என்றார். இது புது ஹீட்டர், யோகனின் வீட்டில் இருந்தது பழசு, பழசு அப்படிச் செய்யாது, பழசு ஆராவது நிப்பாட்டினால்தான் நிற்கும். அப்படியில்லாவிட்டால் அந்தக் காலடி ஏன். மனிசன் தன் வீட்டில் நடக்கத்தானே செய்வான். நடக்கட்டும், டிக் கேட்கிற அதே நேரத்திலா நடக்கவேண்டும். குலசிங்கம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், ஹீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை, அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், இனி என்னுடைய சூட்டில் இன்னொருவனின் கை இருக்கக்கூடாது. வீடு வாங்கப் போனபோது மற்றவர்கள் அறை எத்தனை, குளியலறை எத்தனை என்று கேட்டார்கள். அவர் கூரையைப் பார்த்தார், புகைக்கூடு இருக்கிறதா என்று.

மேலே யோகனின் வீட்டுப் பக்கம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பனி குறுக்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மெழுகுதிரியாவது கொளுத்தி வைத்திருப்பார்கள்தானே, அந்தப் பொட்டு வெளிச்சம்கூட இல்லை. குழந்தை இருக்கிறது. அதை அவர் இவ்வளவு நேரமும் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார், விறகுக்குப் பின்னால் விறகு தள்ளுவது போல. யோகனின் மகள் சாருஜா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், மாப்பிள்ளை எண்ணெய் மேடையில் வேலை, கடலில் நிற்கிறான், பிள்ளை பிறந்து மூன்று கிழமை ஆகவில்லை. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஒரு தரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார், யோகனோடு ஒரே இடத்தில் நிற்கக்கூடாது என்று கெதியாக வந்துவிட்டார். அவ்வளவு சின்னது. கை இரண்டும் மூடியபடி, ஏதோ பிடித்து வைத்திருப்பது போல. பெரிய வீடு கெதியாகக் குளிரும், உயரமான கூரை, முழுக்கக் கண்ணாடி, யோகன் கடல் தெரியவேண்டும் என்று கட்டினான், இப்போது கடல் வீட்டுக்குள் வந்திருக்கும். ஆனால் அதற்கு அவர் என்ன செய்யமுடியும். கூப்பிட்டாலும் அதுகள் வராதுகள். துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழியாமல் பிள்ளை பெற்றவள் இன்னொரு வீட்டு வாசற்படி ஏறமாட்டாள், அதுவும் சுவாமி அறை இருக்கிற வீட்டில், யோகனின் பெண்சாதி ரஞ்சிதம் இதில் சரியான கண்டிப்பு. இந்த எண்ணம் வந்தபோது ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தான் மறித்ததாக இருக்காது, துடக்கு மறித்ததாக இருக்கும். "துடக்கும் கழியேல்லை, வராதுகள்" என்று குசினிப் பக்கம் சொன்னார். புவனத்தின் குரல் இருட்டிலிருந்து வந்தது. "சுவாமி அறைக்கு நான் எப்பவோ திரை இழுத்து விட்டிட்டன். துடக்காவது மண்ணாவது. பச்சைப்பிள்ளை விறைக்கேக்கை முருகன் வந்து நாள் எண்ணிக்கொண்டு நிப்பாரோ?"

அவர் எழும்பினார். எழும்பியது ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் கால் விறைத்துப்போச்சு என்று சொல்லியிருப்பார். தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு பின்கதவால் வெளியே போனார். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. சுவரோடு கூரை இறக்கி அவர் அடுக்கியிருந்த விறகு, அந்தப் புயலிலும் ஒரு கட்டை அசையவில்லை. கையால் தடவிப் பார்த்தார், இருட்டில் கண் வேண்டாம், ஒவ்வொரு வரிசையும் கைக்குத் தெரியும். தோல் மேலே பார்க்க அடுக்கவேண்டும், தண்ணீர் வழிந்து போகும். வெட்டுவாய் காற்றுப் பக்கம். மூலையில் குறுக்கும் நெடுக்குமாகத் தூண் போல ஏற்றினால் நடுவில் உள்ளது சரியாது. ஊரில் ஒருவனுடைய வேலியைப் பார்த்து அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லலாம், கதியால் நிரை பார்த்து நட்டிருக்கிறானா, ஓலை இடைவெளியில்லாமல் கட்டியிருக்கிறானா என்று. இங்கே விறகு அடுக்கைப் பார்த்துச் சொல்லலாம், இதை அவருக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, முதல் வருடமே விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஊட்வார், வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசாத மனிசன், முதல் இலையுதிர்காலத்தில் நாயோடு நடந்து போனவன், நின்றான். அடுக்கின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பார்த்தான். நாய் இழுத்தது, அவன் அசையவில்லை. பிறகு தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டுப் போனான். பிள்ளைகளின் பட்டமளிப்புக்கெல்லாம் குலசிங்கம் போயிருக்கிறார், கை தட்டியிருக்கிறார், மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது கண் கலங்கியும் இருக்கிறது, ஆனால் அந்தத் தலையாட்டல் அவருக்கே அவருக்கு. இந்த நெருப்பின் சந்தோசத்தில் முதல் நாளே யோகன் மண் போட்டவன்தானே. அதுதான் இரண்டாவது பிழை.

குடிபூரல். இந்த வீட்டுக்கு வந்த நாள். ஐயரைத் தூரத்து நகரத்திலிருந்து கூப்பிட்டு, நல்ல நேரம் பார்த்து, ஊரில் உள்ள தமிழ்ச் சனம் முழுக்க வந்து வரவேற்பறையில் நிரம்பி நிற்க, பால் காய்ச்சவேண்டும். புவனம் சொன்னாள், குசினியில் கரண்ட் அடுப்பில் வைப்போம் என்று. அவர் கேட்கவில்லை. நெருப்பு இருக்கிற வீட்டில் நெருப்பைக் கண்ணால் காணாமல் ஏன் பால் காய்ச்சவேண்டும். பால் பானையை இந்த இரும்பு அடுப்பின் தலையில் ஏற்றினார், பானைக் கழுத்தில் மஞ்சள் இலை கட்டி, திருநீறு பூசி. இரும்பு கனமான இரும்பு, அது சூடாக நேரம் எடுக்கும், வீடு சூடாக்குகிற அடுப்பு சமைக்கிற அடுப்பு போல அவசரப்படாது, இது இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. பால் பொங்கவில்லை. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. அவர் கதவைத் திறந்து விறகைத் திணித்தார், ஊர் அடுப்பில் வாய்க்குள் தள்ளுவது போல, கதவை மூடவும் இல்லை, காற்றுப் படட்டும் என்று. புகை வீட்டுக்குள் வந்தது. கண் எரிந்தது. அப்போதுதான், எல்லாரும் இருமிக்கொண்டிருக்கும்போது, பால் ஒரே தரமாகப் பொங்கி, சிவந்துபோன இரும்பின் மேல் நாலு பக்கமும் வழிந்து, சீ என்று கருகி, கூரையில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கியது. பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் செருப்பில்லாத கால்களோடு பனிக்குள் இறங்கி ஓடின. ஐயர் செம்பைக் கையில் வைத்தபடி. தீயணைப்பு வண்டி வந்தது. வண்டியின் நீல வெளிச்சம் சுற்றிச் சுற்றி எல்லார் முகத்திலும் விழ, பனியில் ஒற்றைக் காலில் நின்றபடி யோகன் சொன்னான்: "அத்தான் வீடு வாங்கேல்லை, போறணை வாங்கியிருக்கிறார்! நாளைக்கு எல்லாரும் விடிய வாங்கோ, சுடச்சுடப் பாண் தருவார்!" ஊரில் பாண் சுடுகிற பேக்கரி அடுப்பை அல்லவா போறணை என்பது. நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த வாயிலிருந்து வந்த ஆவி எல்லாம் ஒன்றாக மேலே போனது. அன்றிலிருந்து இந்த ஊர்த் தமிழ்ச் சனத்துக்கு அவர் போறணையர். கலியாண வீட்டில் போறணையர், கோயிலில் போறணையர், நேற்று வந்த பொடியன்கூட "போறணையர் அங்கிள்" என்கிறான், அவனுக்குப் போறணை என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் நல்ல நேரம் முடிய முன்னம் பால் பொங்கியது, அதை ஒருவரும் சொல்லுவதில்லை. கிழக்குப் பக்கம்தான் முதலில் வழிந்தது. ஐயரே பிறகு சொன்னார், நல்ல சகுனம் என்று.

கூடையை நிரப்பிக்கொண்டு உள்ளே வந்தார். கொட்டினார். திரும்பிப் போனார். இன்னொரு கூடை. பின் அறைக் கதவை அகலத் திறந்து அதன் கீழே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தார், சூடு அங்கேயும் போகட்டும் என்று. சும்மா, ஈரம் பிடிக்காமல் இருக்க. சோபாவைக் காலால் தள்ளிச் சுவரோடு ஒட்டினார், நெருப்புக்கு முன்னால் இடம் விட்டு. கொடியில் காய்ந்த துவாயை எடுத்துக் கதிரை முதுகில், அடுப்புக்கு எதிரே, சூடேற விரித்தார், பிறகு அது என்ன துவாய் என்று தனக்கே விளங்காதவர் போலப் பார்த்தார். புவனம் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இரண்டு பேருக்கு ஏன் இவ்வளவு விறகு?" என்றாள். "புயல்" என்றார். "ஓமோம், புயல்தான்" என்றாள். அவள் முகம் இருட்டில் தெரியவில்லை, ஆனால் அந்தக் குரலை அவர் நாற்பது வருடமாகக் கேட்கிறவர். கேட்கட்டும் என்று மறுபடி நினைத்தார். நினைப்பு முந்தியதைவிடக் கொஞ்சம் மெலிந்து வந்தது. அதைத் தூக்கி நிறுத்த அவர் இன்னொரு தரம் நினைத்தார். அவன் கேட்கட்டும். கையுறை போட்டுப் படுத்தவன் நான். இதற்குள் அந்தக் குழந்தையின் மூடிய கை குறுக்கே வந்தது. மூன்று கிழமைப் பிள்ளைக்குக் குளிர் என்று சொல்லத் தெரியாது, அழும், பிறகு அழாமல் விடும். அழாமல் விடுவதுதான் பயம். தொழிற்சாலையில் ஒரு தரம் ஐஸ் அறைக்குள் அடைபட்டுப்போன ஒருவன் சொன்னான், முதல் நடுங்கும், பிறகு நல்ல சுகமாக இருக்கும், நித்திரை வரும் என்று. அந்தச் சுகம்தான். அவர் இரண்டு எட்டு வைத்து மேசையில் கிடந்த தன் போனை எடுத்தார். யோகனின் பேர் எங்கே இருக்கிறது என்று தேடினார், அது அடியில் இருந்தது, கூப்பிட்டு வருடக்கணக்கு. விரல் அதன் மேல் நின்றது. வெளிச்சம் அணைந்தது. மறுபடி தட்டினார். மறுபடி நின்றது.

அப்போது குசினியில் புவனத்தின் போன் அடித்தது. அவர் அப்படியே நின்று கேட்டார். "சொல்லு தம்பி... ஓம், எங்களுக்கும் இல்லை... பிள்ளை என்ன செய்யிது?... ஐயோ... ஜாக்கெட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியளோ?" இடைவெளி. அந்த இடைவெளியில் யோகன் என்ன சொல்லுகிறான் என்று கேட்கக் காது நீண்டு நீண்டு குசினிவரை போனது. சொல்லுகிறானா. அத்தானைக் கூப்பிடு என்கிறானா. புவனம் சொன்னாள், "கரண்ட் எப்ப வருமெண்டு என்னைக் கேட்டால்? நான் என்ன மின்சாரசபையோ?" ஆக அவன் கேட்டது அதுதான். கரண்ட் எப்போது வரும். வரலாமோ என்று கேட்கவில்லை. கேட்கமாட்டான், அவனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானே, புவனத்தைப் போலவே, கழுத்து முறிந்தாலும் வளையாது. புவனம் குசினி வாசலுக்கு வந்து, போனைக் காதில் வைத்தபடி, அவரைப் பார்த்தாள். கேட்காமல் கேட்கிற பார்வை. அவர் அடுப்பைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், ஒரே ஒரு தரம். அவள் உடனே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "டேய், கதையை விட்டிட்டு எல்லாரும் வெளிக்கிட்டு வாங்கோ. போறணை நல்லா எரியுது" என்றாள். போறணை. தன் பெண்சாதியின் வாயால். இத்தனை வருடத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை, மற்றவர்கள் சொன்னால்கூட முகத்தைச் சுளிப்பாள், தான் சுருண்டுபோவேன் என்று நினைத்தார், சுருளவில்லை. எரியுது என்றாளே. நல்லா எரியுது என்றாளே. ஊரே அணைந்து கிடக்கும்போது.

யோகனின் வண்டி பனியை உழுதுகொண்டு வந்து நின்றது. முதலில் ரஞ்சிதம், பிறகு சாருஜா, ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டி, அதற்குள் ஒரு மூட்டை. வாசலில் தயங்கினாள். "மாமா, துடக்கு..." என்றாள். "வா பிள்ளை, நெருப்புக்குத் துடக்கில்லை" என்றார் குலசிங்கம், அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது, ஆனால் சொன்ன பிறகு நல்லாயிருந்தது. பின்னால் யோகன், மீசையில் பனி, கைகளை ஊதியபடி. கதவில் நின்றான். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். இப்போது. இந்த வாசற்படியில். யோகனின் வாய் திறந்தது. "காத்து அடிக்குது அத்தான், கதவைச் சாத்துங்கோ" என்றான், உள்ளே வந்தான். சரி. குளிரில் வந்தவனுக்கு முதல் மூச்சு வரட்டும். சூடேறிய துவாயைச் சாருஜாவின் மடியில் போட்டார். அவள் மூட்டையைப் பிரித்தாள். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது, கை மூடியிருந்தது, நெருப்பின் வெளிச்சம் அந்தக் கையில் விழுந்தது. புவனம் அதன் பாதங்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தாள். அவர் கதவைத் திறந்து இரண்டு விறகு வைத்தார், பெரியது அல்ல, நடுத்தரம், அவசரப்படாமல், காற்று வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, இரும்புக்கு அதன் நேரத்தைக் கொடுத்து. இப்போது அவருக்குத் தெரியும். மெல்ல மெல்ல அந்த உதட்டில் நிறம் வந்தது, முதலில் நடுவில், பிறகு ஓரத்தில். மூக்கைச் சுளித்தது. பிறகு வீடு அதிரக் கத்தியது. "அம்மாடி, குரலைப் பார்" என்று ரஞ்சிதம் அழுதுகொண்டு சிரித்தாள். குலசிங்கம் எழும்பி நின்றார். இடுப்பில் கை வைத்துத் தன் அடுப்பைப் பார்த்தார், அடுப்பைச் சுற்றி வட்டமாக இருந்த ஐந்து தலைகளைப் பார்த்தார். ஒரு வீட்டுச் சனம் முழுவதையும் இந்தக் கை சூடாக்கியது. இந்தக் கைதான்.

யோகன் ஜாக்கெட்டைக் கழற்றினான். பிறகு கம்பளிச் சட்டையை. பிறகு மேற்சட்டையின் பொத்தான்களை. முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை. அவர் பக்கம் திரும்பினான், தொண்டையைச் செருமினான், குலசிங்கம் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "அத்தான்" என்றான். "சொல்லு." "சரியான வெக்கையாக் கிடக்கு. யன்னலைக் கொஞ்சம் நீக்கி விடட்டோ?" புவனம் சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். "பிள்ளைக்குக் காத்துப் பிடிக்கும்" என்றார் அவர். "பனியனோடை இரு." யோகன் பனியனோடு இருந்தான், வெளியே வடதுருவப் புயல், உள்ளே பனியனோடு ஒரு மனிசன், தொப்பை தெரிய. அவர் அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டார். ஆனால் அது அந்தச் சொல் இல்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது, திடீரென்று கூரை விளக்குகள் பளீரென்று பற்றின. குசினியில் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. எல்லாரும் கண்ணைச் சுருக்கினார்கள். யன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க ஒவ்வொரு வீடாகக் கண் திறந்தது, மேலே இரண்டாவது வளைவில் யோகனின் பெரிய வீடும், கண்ணாடி முழுக்க வெளிச்சமாக. யோகன் அதைப் பார்த்தான். உடனே எழும்பினான். "சரி, கரண்ட் வந்திட்டுது. ஹீட் பம்ப் போட்டுவிட்டால் ஒரு மணித்தியாலத்திலை சூடாகிடும். வெளிக்கிடுங்கோ" என்று கம்பளிச் சட்டையைத் தேடினான். ரஞ்சிதம் பாதி எழும்பினாள். சாருஜா எழும்பவில்லை. குழந்தை பால் குடித்து முடித்து அவள் தோளில் வாய் திறந்தபடி கிடந்தது, நெருப்பின் பக்கமாக முகம். "நான் வரேல்லை அப்பா" என்றாள். "இஞ்சை நல்லாயிருக்கு. விடிய வாறன்." "துடக்கு பிள்ளை, ஆக்கள் என்ன சொல்லுவினம்..." "மாமா ஒண்டும் சொல்லேல்லையே." எல்லாரும் குலசிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் விறகைப் பார்த்தபடி, "பின்னறையும் சூடாத்தான் கிடக்கு" என்றார்.

யோகன் ஒரு கையில் கம்பளிச் சட்டையோடு நடுவில் நின்றான். மேலே தன் வீட்டைப் பார்த்தான், கீழே பேத்தியைப் பார்த்தான். நின்று நின்று, கடைசியில் சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டு மறுபடி வாங்கில் இருந்தான், இருந்து கால் இரண்டையும் அடுப்புப் பக்கம் நீட்டினான். காலுறையின் நுனியிலிருந்து ஆவி எழும்பியது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே அவன் வாய் மெல்லத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. குலசிங்கம் விறகு வைக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். "அக்கா" என்றான் யோகன், "தேத்தண்ணி ஏதும் கிடக்கோ?"

குலசிங்கம் விறகை வைத்தார். கதவை மூடினார். வாங்கில் தன் இடத்தில், அவனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு இருந்தார். அவசரமில்லை. சொல்லுவான். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு, விடிய எழும்பும்போது அவன் இந்த வீட்டில்தான் எழும்புவான். அவர் நிமிர்ந்து இருந்து, அந்த வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்.